பழைய எண், புதிய எண்

பிரிண்ட் கொடுக்க கன்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால், பக்கம் அமைக்கும் புரோகிராமான பேஜ்மேக்கர் செத்துப்போகும். பதினெட்டு நாள் இப்படித்தான் கடை ஓட்டினேன். அதுவும் மார்ச் மாதத்தில்.

திருவல்லிக்கேணியில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் மேன்ஷன்கள். நடந்து போகிற தூரத்தில் சேப்பாக்கம் பல்கலைக்கழக வளாகமும் மாநிலக் கல்லூரியும். மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் புராஜெக்ட் பிரிண்ட், ஸ்பைரல், காலிகோ பைண்டிங் என்று மூச்சுவிட முடியாது. மற்ற மாதங்களில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். இரண்டில் விண்டோஸ் 10. மூன்றாவது ஒரு கிழம், முப்பத்திரண்டு பிட் விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-உம், யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் நான் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த பத்திரிகை மாதிரிகளும் அதில்தான் இருக்கின்றன. யூனிகோடுக்கு மாறச் சொல்கிறவர்கள் அந்த நானூறு ஃபைல்களையும் மாற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

பிரிண்டர் இரண்டு. யூஎஸ்பி வயரில் கிழத்தோடு ஒட்டியிருக்கும் சின்ன லேசர் ஒன்று. இன்னொன்று ஏ3 எடுக்கும் பெரிய மெஷின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அது நெட்வொர்க் கேபிளில் இருக்கிறது. மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் வேலை அதற்குத்தான் போகும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது. கிழத்தில் பிரிண்ட் கொடுத்தால் பேஜ்மேக்கர் திரை வெளுத்துப்போய் அரை நிமிடம் அப்படியே நிற்கும். அப்புறம் "வேலை செய்வதை நிறுத்திவிட்டது" என்று ஒரு பெட்டி வரும். ஓகே கொடுத்தால் எல்லாம் மூடிக்கொள்ளும். சேமிக்காத வேலை போனது போனதுதான். மற்ற இரண்டு கம்ப்யூட்டரில் இவ்வளவு மோசமில்லை. வேர்ட் திறக்கவே முப்பது நாற்பது விநாடி ஆனது, பிரிண்ட் கொடுத்தால் ஹேங் ஆகி நின்றது, ஆனால் சாகவில்லை. ஏதோ அப்டேட் கெடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மாணவர்களின் பிடிஎஃப்களைப் பென்டிரைவில் ஏற்றி மெஷினிலேயே நேராகச் செருகி அடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் தன்னளவில் நன்றாக இருந்தது. ஜெராக்ஸ் எடுத்தது, பென்டிரைவைப் படித்தது. அதனால் அதன் மேல் சந்தேகமே வரவில்லை.

டி.டி.பி.காரனுக்கு முதல் சந்தேகம் எப்போதும் எழுத்துரு மேல்தான். எங்கள் தொழிலில் பாதிக் கோளாறு கெட்டுப்போன ஃபான்டால் வருவது. கிழத்தில் இருந்த அறுநூறு ஃபான்டில் நாற்பதை மட்டும் வைத்துவிட்டு மீதியை வெளியே எடுத்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதில் போனது. பேஜ்மேக்கர் அதே இடத்தில் செத்தது. அடுத்து ராம், அதாவது நினைவகச் சில்லு. ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய டிடிஆர்3 ஒன்று தேடி வாங்கிவந்து மாற்றினேன். அதே கதை. வைரஸ் ஸ்கேன் ஓர் இரவு முழுக்க ஓடியது. ஒன்றும் இல்லை.

கடைசியில் வழக்கமாக வரும் சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டேன். "ஃபார்மேட் போட்டுடலாம்ணா" என்றான். அவர்களுக்கு எல்லா நோய்க்கும் அது ஒன்றுதான் மருந்து. போட்டான், பேஜ்மேக்கர் ஏற்றினான், ஒரு பத்திரிகையைத் திறந்து பிரிண்ட் கொடுத்தான். வந்தது! எழுநூறு ரூபாயும் டீயும் வாங்கிக்கொண்டு போனான். எந்த பிரிண்டரில் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. யூஎஸ்பியில் இருந்த சின்ன லேசரில் வந்தது.

மறுநாள் காலை நானே பெரிய மெஷினைச் சேர்த்தேன். அதன் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய கதவு எண், என் நோட்டில் இருந்தது: 192.168.1.50. மெஷினை விற்றவர் மூன்று வருடம் முன்பு எழுதிக்கொடுத்தது. அதைத் தட்டியதும் விண்டோஸ், அந்த டிவைஸ் நெட்வொர்க்கில் கிடைக்கவில்லை, கூடுதல் விவரம் வேண்டும் என்று ஒரு பக்கம் காட்டியது. நான் நெக்ஸ்ட் அழுத்தினேன். எல்லோரும் அழுத்துவதுதானே. பிரிண்டரை ஓட்டும் மென்பொருளான டிரைவரைப் போட்டு, அந்த மெஷினையே டிஃபால்ட் பிரிண்டராகவும் வைத்தேன். பேஜ்மேக்கர் மறுபடி செத்தது. அந்தப் பக்கம் நோயின் பெயரையே எழுதிக் காட்டியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அந்த வாரத்தில் ஓர் இரவு ஒன்பதரைக்கு, ஷட்டர் பாதி இறக்கியிருந்தபோது, மீர்சாகிப்பேட்டையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அப்பா தவறிவிட்டார், ஏ3-யில் ஐம்பது கண்ணீர் அஞ்சலி வேண்டும், விடிவதற்குள் ஒட்ட வேண்டும். கல்யாணப் பத்திரிகை என்றால் நாளைக்கு வாங்க என்று சொல்லலாம். இதற்கு எப்படிச் சொல்வது? கால் மணி நேரத்தில் படத்தை வைத்துப் பக்கத்தை முடித்துவிட்டேன். பிரிண்ட் கொடுத்தேன், போய்விட்டது. மறுபடி செய்தேன், மறுபடியும் போய்விட்டது. பேஜ்மேக்கரில் பிடிஎஃப் எடுப்பதற்கும் பிரிண்ட் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் அதுவும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை அவர்களில் சின்னவர், "அண்ணே, வேற எங்கயாவது பாத்துக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். ஃபைலைப் பென்டிரைவில் போட்டு, பாரதி சாலையில் தெரிந்த கடைக்காரரை போனில் எழுப்பி, அங்கே கூட்டிப்போய் அடித்துக்கொடுத்தேன். காசு வாங்க மனசு வரவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது பைண்டிங் பாயால். பக்கத்துக் கட்டடத்தில் பைண்டிங் செய்பவர். எனக்கு அப்பா வயது. பதினெட்டாம் நாள் சாயங்காலம், அடித்த தாள்களை வாங்கிப்போக வந்தவர், கையில் அட்டைக் கட்டோடு திரும்பும்போது மேஜைக்கு அடியில் கிடந்த நீலக் கேபிளில் கால் இடறினார். அது கிழத்திலிருந்து கழன்று வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் எத்தனையாவது தடவையாகவோ பிரிண்ட் கொடுத்திருந்தேன். கண் இமைக்கும் நேரத்தில் ஜன்னல் திறந்தது. வெளுப்பும் இல்லை, சாவும் இல்லை.

"அடடா, வயரைப் புடுங்கிட்டேனே தம்பி" என்றார் பாய். நான் பதில் சொல்லாமல் கேபிளைத் திரும்பச் செருகி பிரிண்ட் கொடுத்தேன். பேஜ்மேக்கர் செத்தது. கழற்றிவிட்டுக் கொடுத்தேன், திறந்தது. ஐந்து தடவை இப்படிச் செருகிக் கழற்றியதைப் பார்த்து, எனக்கு வேலைப் பளுவில் புத்தி பிசகிவிட்டது என்றே அவர் நினைத்திருப்பார்.

தங்கை மகன் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறான். இரவு அவனுக்கு போன் போட்டேன்.

"மாமா, பெரிய மெஷினோட ஐபி என்ன?"

நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"சரி, உங்க சிஸ்டத்தோட ஐபி?"

கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடிக்கச் சொன்னான். 192.168.0.6 என்று வந்தது. மறுமுனையில் சிரித்தான்.

"ரவுட்டரை எப்ப மாமா மாத்தினீங்க?"

நான் மாற்றியதாக அவனிடம் சொல்லவே இல்லை. அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஃபைபர் இணைப்பு போட ஆள் வந்து, பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்துவிட்டுப் போனார்.

"இன்டர்நெட் சூப்பரா வருதேடா?"

"வரும் மாமா. இன்டர்நெட் வேற, உங்க கடைக்குள்ள ஓடுற நெட்வொர்க் வேற. இது வர்றதால அது சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல."

எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மெட்ராஸில் எந்த வீட்டு வாசலிலும் புதிய எண், பழைய எண் என்று இரண்டு எழுதியிருக்கும். கூரியர்காரர் பழைய எண்ணை வைத்துக்கொண்டு தெரு முழுக்க அலைவார். என் கடையிலும் அதுதான் நடந்தது. பழைய ரவுட்டர் கொடுத்துவந்த முகவரிகள் எல்லாம் 192.168.1 என்று ஆரம்பிக்கும். புதிய பெட்டி கொடுப்பது 192.168.0. கம்ப்யூட்டர்கள் தாங்களாகவே ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்கிக்கொள்பவை என்பதால் அன்றைக்கே புதிய தெருவுக்குக் குடிபோய்விட்டன. பெரிய மெஷினுக்கோ விற்றவர் கையால் முகவரி போட்டிருந்தார். அது பழைய தெருவிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரே மேஜை, ஒரே சுவிட்ச், கேபிள்கூட மாறவில்லை. ஆனால் கடைசி எண்ணுக்கு முந்தைய அந்த ஓர் எண் மாறியதால் கம்ப்யூட்டருக்கு அது அயலூர்.

அயலூர்த் தபால் என்றால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ரவுட்டரிடம் கொடுக்கும். ரவுட்டர் அதை வெளியே தள்ளும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள், கடைக்குள் மட்டும் செல்லுபடியாகிறவை. வெளியுலகில் அவற்றுக்கு மதிப்பில்லை. அங்கே யாரோ அதைச் சத்தமில்லாமல் குப்பையில் போடுவார்கள். "இல்லை" என்ற பதில்கூட வராது. விண்டோஸ் 7 ஓர் இணைப்புக்கு மூன்று தடவை தட்டிப் பார்க்கும். முதலில் 3 விநாடி, அடுத்து 6, அப்புறம் 12, ஆக 21 விநாடி காத்திருக்கும். கேபிளே கழன்றிருந்தால் வெளியே போக வழியில்லை என்று அந்த நொடியே அதற்குத் தெரிந்துவிடும், காத்திருக்காது. பாய் காலில் இடறியது இந்த வித்தியாசம்தான்.

சரி, காத்திருந்தால் மெதுவாகத்தானே ஆக வேண்டும், ஏன் சாக வேண்டும்? நான் அறியாத விஷயம் ஒன்று இருந்தது. பிரிண்ட் ஜன்னல் என்பது தாளில் அச்சடிப்பதற்கு வெகுமுன்பே பிரிண்டரோடு பேச ஆரம்பித்துவிடுகிறது. எத்தனை டிரே இருக்கிறது, எந்தத் தாள் போட்டிருக்கிறது, டோனர் எவ்வளவு என்று டிரைவர் கேட்கும். வேர்ட் இன்னும் ஒரு படி மேல். ஃபைலைத் திறக்கும்போதே டிஃபால்ட் பிரிண்டரை விசாரிக்கும். அதனால்தான் திறக்கவே அரை நிமிடம் ஆனது. விசாரிக்கும் அந்த டிரைவர், என் கிழத்தில், பேஜ்மேக்கரின் உள்ளேயே குடியிருந்து ஓடுகிறது. பதில் வராமல் டிரைவர் விழுந்தால் பேஜ்மேக்கரையும் இழுத்துக்கொண்டு விழும். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணில் இது பதிவாகியிருந்தது. செத்தது பேஜ்மேக்கர் என்று மேல் வரியில் இருக்கிறது. எந்த மாட்யூலால் என்ற வரியில் இருந்தது பிரிண்டர் டிரைவரின் ஃபைல் பெயர். ஃபார்மேட் போட்டதற்குப் பிறகு மட்டுமே முப்பதுக்கு மேல் பதிவு. முதல் நாளே அதைத் திறந்து இரண்டாவது வரியைப் படித்திருந்தால் ரிச்சி தெருவுக்குப் போயிருக்க மாட்டேன்.

இதைவிட எளிதான சோதனை ஒன்று இருக்கிறது. இப்போது யார் என்னிடம் பிரிண்ட் கொடுத்தால் புரோகிராம் மூடிக்கொள்கிறது என்று வந்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். விண்டோஸோடு வரும் எக்ஸ்பிஎஸ் டாக்குமென்ட் ரைட்டர், அல்லது 10-இல் வரும் பிரிண்ட் டு பிடிஎஃப், இரண்டில் ஒன்றை டிஃபால்ட் பிரிண்டராக மாற்றிவிட்டு மறுபடி பிரிண்ட் கொடுங்கள். ஜன்னல் ஒழுங்காகத் திறந்தால் புரோகிராம் நிரபராதி, ஃபான்டும் நிரபராதி. ஒரு நிமிட வேலை.

அடுத்து பிங், ஒரு முகவரியில் ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை. பிரிண்டரின் முகவரிக்கு பிங் அடித்து வரும் பதிலைப் படியுங்கள், வரவில்லை என்று மூடிவிடாதீர்கள். "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியிலிருந்தே பதில் வந்தால், தெரு சரிதான், அந்த வீட்டில் ஆள் இல்லை: மெஷின் அணைந்திருக்கிறது, கேபிள் போயிருக்கிறது, அல்லது எண் மாறியிருக்கிறது. வெறும் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" நான்கு தடவை வந்தால், தெருவே வேறாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மெஷினின் முகவரியைப் பழைய நோட்டிலிருந்து எடுக்காதீர்கள். மெஷினின் திரையில் நெட்வொர்க் அமைப்பில் இருக்கும், இல்லாவிட்டால் கான்ஃபிகரேஷன் பக்கம் ஒன்று அச்சடிக்கலாம். 169.254 என்று தொடங்கும் எண் எங்காவது தெரிந்தால், அது ரவுட்டரிடம் முகவரி கிடைக்காமல் தானாகவே சூட்டிக்கொண்ட எண்.

திருத்துவதற்கு இரண்டு வழி இருந்தது. புதிய ரவுட்டரைப் பழைய எண்ணுக்கு மாற்றலாம், அல்லது மெஷினைப் புதிய தெருவுக்குக் கொண்டுவரலாம். இணைப்புக் கொடுத்தவர்கள் நாளைக்குப் பெட்டியை ரீசெட் செய்தால் முதல் வழி பாழ் என்று மருமகன் சொன்னதால் இரண்டாவதை எடுத்தேன். மெஷினின் திரையில் முகவரியை 192.168.0.105 என்று மாற்றி, கேட்வே என்ற இடத்தில் புதிய ரவுட்டரின் எண்ணைப் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் தாவலுக்குப் போய்ப் புதிய முகவரிக்கு ஒரு போர்ட் சேர்க்க வேண்டும். கிழத்தில் அந்த ஜன்னலைத் திறந்தாலே ஹேங் ஆனது. பாயின் வைத்தியம்தான்: கேபிளைக் கழற்றிவிட்டுத் திறந்து, போர்ட்டை மாற்றிவிட்டுச் செருகினேன். இதற்கிடையே கியூவில் தேங்கியிருந்த பழைய வேலைகள் நீக்கினாலும் போகவில்லை. சர்வீசஸில், பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரைக் காலி செய்து, ஸ்பூலரைத் திரும்ப ஓட்டினேன். மூன்று கம்ப்யூட்டரும் பறந்தன.

ஒரு வாரம்தான். அடுத்த புதன்கிழமை காலை பெரிய மெஷின் ஆஃப்லைன் என்றது. பதினோரு மணிக்குத் தானாகச் சரியானது. வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி காலை மறுபடி. சாயங்காலம் வராது, காலையில் மட்டும் வரும். இந்தத் தடவை ஃபான்டைத் தொடவில்லை என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

தப்பு என்னுடையது. 105 என்ற எண்ணை நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன், நினைவில் நிற்கும் என்று. ரவுட்டர் வருகிறவர்களுக்கு எல்லாம் வழங்கும் எண்கள் 100-இலிருந்து 199 வரை. இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகிறேன், மெஷின் தூங்குகிறது. காலையில் கடைப் பையன் திறந்ததும் மாணவர்கள் ஃபைல் அனுப்ப வைஃபையில் சேர்வார்கள். மெஷின் சூடாவதற்கு முன்பே யாரோ ஒருவருடைய போனுக்கு ரவுட்டர் 105-ஐத் தூக்கிக் கொடுத்துவிடும். அப்புறம் மெஷின் எழுந்தால் ஒரே கதவு எண்ணில் இரண்டு குடித்தனம். அந்த மாணவர் கிளம்பிப் போனால் சரியாகிவிடும். இதைப் பிடித்த விதம் எனக்கே பிடித்தது. காலையில் மெஷின் அணைந்திருக்கும்போதே 105-க்கு பிங் அடித்தேன். அணைந்த மெஷின் பதில் சொன்னது!

மெஷினை 192.168.0.20-க்கு மாற்றினேன்; ரவுட்டர் வழங்கும் வரிசைக்கு வெளியே. ரவுட்டரிலேயே மெஷினின் மேக் முகவரியை (தயாரிக்கும்போதே அதற்கு வைத்த அடையாள எண்) பதிந்து ஓர் எண்ணை ஒதுக்கிவைக்கவும் செய்யலாம், ஆனால் பெட்டி மாறினால் அந்த ஒதுக்கீடும் போய்விடும். மாணவர்களுக்கு கெஸ்ட் வைஃபை தனியாகத் திறந்துவிட்டேன். கெஸ்டில் இருக்கிறவரால் கடை மெஷினைப் பார்க்க முடியாது, அதுவே நல்லது.

ஒரு சின்ன மிச்சம். விண்டோஸ் 10 ஒன்றில் மட்டும், பிரிண்ட் ஒழுங்காக வந்தாலும் நிலை ஆஃப்லைன் என்றே காட்டியது. போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற டிக்கை எடுத்ததும் சரியானது. கம்ப்யூட்டர் அந்த வழியில் நலம் விசாரிக்கிறது; மெஷினில் முன்னால் வைத்திருந்தவர்கள் அதை மூடிவைத்திருக்கிறார்கள், பதில் சொல்லாது. எடுத்ததால் டோனர் அளவு கம்ப்யூட்டரில் தெரியாது. மெஷினுக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன், எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது மெஷினின் மேல் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை எழுத்துருவில், நல்ல பெரிய அளவில்: "புதிய எண் 192.168.0.20. பழைய எண் 192.168.1.50." போன மாதம் அந்த ஃபைபர் பெட்டி பழுதாகி வேறு பெட்டியோடு ஒரு பையன் வந்தான். அவன் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, "தம்பி, இது எந்த வரிசை கொடுக்கும், பூஜ்யமா ஒன்றா?" என்று கேட்டேன். அவன் முழித்தான். தாள் வாங்க வந்து நின்றிருந்த பாய், அட்டைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இன்னைக்கும் எந்த வயரையாச்சும் புடுங்கணுமா தம்பி?"